‘முன்பக்கம் எது?’ என்று கேட்க ஓர் ஆள்

எங்கள் தெருவில் ஒரு பெண் தையல் கற்றுக்கொண்டார். வயது நாற்பதைத் தாண்டியவர். மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு, மூலையில் கிடந்த மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு, கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு யூடியூப் பார்த்துப் பழகினார். தலையணை உறை வந்தது. பாவாடை வந்தது. ஜாக்கெட் மட்டும் வரவில்லை. கழுத்து சரியாக இருந்தது, உயரம் சரியாக இருந்தது, டாட் கூடச் சரியாக விழுந்தது. ஆனால் கையைத் தூக்கினால் முன்பக்கம் இழுத்துப் பிடித்தது. அதே வீடியோவை எட்டுத் தடவை பார்த்தார். மூன்று ஜாக்கெட் துணி வீணானது. “எனக்கு இது வராதுங்க, வயசாயிடுச்சு” என்றார்.

ஒரு நாள் அந்த ஜாக்கெட்டைக் கடைத்தெருவில் இருக்கும் தையற்காரரிடம் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். அறுபது கடந்த மனிதர். ஜாக்கெட்டை உள்புறம் வெளியே வரும்படி திருப்பினார். கை சேரும் தையலை விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “கை வெட்டினப்போ முன்பக்கம் எதுன்னு அடையாளம் வெச்சியாம்மா?”

அந்தப் பெண் சற்று நேரம் பேசவில்லை. பிறகு “ஐயோ” என்று நெற்றியில் தட்டிக்கொண்டார். கைத்துணியில் முன்பக்க வளைவு பின்பக்கத்தைவிடச் சற்று ஆழமாக இருக்க வேண்டும். அப்படித்தான் வெட்டியிருந்தார். தைக்கும்போது வலக்கை இடப்பக்கமும் இடக்கை வலப்பக்கமும் போய்விட்டன. வீட்டுக்கு வந்து வீடியோவை மறுபடி ஓடவிட்டார். அதில் சொல்லிக்கொடுக்கும் பெண் இதைச் சொல்லியே இருக்கிறார், ஒரே வரியில், போகிறபோக்கில். எட்டுத் தடவையும் இவர் காதில் விழுந்த வரிதான். அந்த வரிக்கு எவ்வளவு எடை என்பதுதான் இவருக்குத் தெரியவில்லை.

கல்வி பற்றிய கூட்டங்களில் இப்போது ஒரு கருத்து எதிர்ப்பே இல்லாமல் கைதட்டல் வாங்குகிறது. “பெரியவர்கள் குழந்தைகள் அல்ல. தங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். பாடங்கள் கைபேசியில் கொட்டிக் கிடக்கின்றன. ஆர்வம் இருப்பவர் தானே கற்றுக்கொள்வார். ஆசிரியர் விலகி நின்று வசதி செய்து கொடுத்தால் போதும்” என்கிறார்கள். அரசு அதிகாரி இதைச் சொல்கிறார், செயலி விற்பவர் சொல்கிறார், முற்போக்கான கல்வியாளரும் சொல்கிறார். மூவரும் ஒரே குரலில் பேசும் அளவுக்கு இதில் உண்மை இருக்கிறதா என்று நாம் கேட்டே ஆக வேண்டும். இதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதி, படிக்க நினைக்கும் ஏழைப் பெரியவரை நட்டாற்றில் விடுகிறது.

முதலில் இக்கருத்தின் வேரைப் பார்ப்போம். மால்கம் நோல்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளரின் பெயர் இங்கே தவறாமல் வரும். பெரியவர்கள் கற்கும் விதம் குழந்தைகள் கற்கும் விதத்திலிருந்து வேறுபட்டது என்று 1970-இல் எழுதியவர் அவர். பெரியவரிடம் வாழ்க்கை அனுபவம் இருக்கிறது, கையிலிருக்கும் சிக்கலைத் தீர்க்கவே அவர் கற்கிறார், தன் கற்றலைத் தானே நடத்திச்செல்ல விரும்புகிறார் என்றார். இவை நல்ல கவனிப்புகள். ஆனால் சுயமாக நடத்திச்செல்லும் கற்றலைப் பற்றி 1975-இல் அவர் எழுதிய சிறு நூல், கற்பவர்களுக்கும் ஆசிரியர்களுக்குமான வழிகாட்டி என்று தன் தலைப்பிலேயே சொல்லிக்கொள்கிறது. அதில் அவர் தந்த வரையறையிலும், கற்பவர் முன்கை எடுப்பது பிறர் உதவியோடும் இருக்கலாம், உதவியின்றியும் இருக்கலாம். குழந்தைக் கல்வியையும் பெரியோர் கல்வியையும் எதிரெதிரே நிறுத்திய தன் 1970 நூலின் துணைத்தலைப்பை 1980-ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் அவரே மாற்றினார். ‘எதிர்’ என்ற சொல் போய், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வது என்ற பொருள் வந்தது. அவர் போட்ட கோட்டை அவரே அழித்த பிறகும், அவர் பெயரைச் சொல்லும் நாம் அதன்மேல் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்து வருவது கனடாவின் ஆலன் டஃப். பெரியவர்கள் தாங்களாகவே மேற்கொள்ளும் கற்றல் முயற்சிகளில் ஏறக்குறைய பத்தில் ஏழு, அவர்களாலேயே திட்டமிடப்படுகின்றன என்று 1971-இல் வெளிவந்த அவருடைய ஆய்வு காட்டியது. “பார்த்தீர்களா, ஆசிரியர் தேவையில்லை” என்கிறார்கள். திட்டமிடுவது வேறு, தனியே கற்பது வேறு. இதே டஃப் இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், ஆசிரியரின்றிக் கற்பவர்களைப் பற்றியே ஆராய்ந்தார். அவர்கள் ஒவ்வொருவரும் வழிநெடுக நண்பர்கள், உறவினர்கள், துறை தெரிந்தவர்கள் என்று பலரிடம் உதவி கேட்டிருந்ததைக் கண்டார். சமையல் பழகும் மருமகன் மாமியாரைத் தொலைபேசியில் அழைப்பதும், மாடு வாங்கப் போகிறவர் பல் பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போவதும் இதுதான். பயணம் நம்முடையது. வழி கேட்பது எத்தனையோ பேரிடம்.

தானே கற்ற மேதை என்றதும் தமிழ்நாட்டில் எல்லோர் வாயிலும் வரும் பெயர் ராமானுஜன். கல்லூரியில் தேறாதவர், ஆசிரியர் இல்லாமலே உலகை வென்றார் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அவர் வாழ்க்கையைச் சற்று நின்று பார்த்தால் கதை வேறாக இருக்கிறது. கும்பகோணத்தில் 1903 வாக்கில் அவர் கைக்குக் கிடைத்த புத்தகம் ஜார்ஜ் கார் தொகுத்தது. கார் யார்? கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வுக்கு மாணவர்களைத் தயார்செய்த தனிப்பயிற்சி ஆசிரியர். ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்களை, எதற்குப் பின் எது என்று மாணவர்களை மனத்தில் வைத்து வரிசைப்படுத்தியவர். ஆக, அந்தத் தனிமையிலும் ஓர் ஆசிரியரின் கை அந்தப் பையனைப் பிடித்திருந்தது.

அதன் பிறகு அவர் செய்தது என்ன? ஆள் தேடினார். திருக்கோவிலூர் போய், இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய ராமசாமி ஐயரிடம் தன் நோட்டுப் புத்தகங்களைக் காட்டினார். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்தபோது, அங்கே பணியிலிருந்த நாராயண ஐயரோடு உட்கார்ந்து பலகையில் கணக்குப் போட்டார். கேம்பிரிட்ஜில் இருந்தவர்களுக்கு எழுதினார். முதலில் எழுதிய கடிதங்களால் பயன் கிடைக்கவில்லை. 1913 ஜனவரி 16 அன்று அங்கிருந்த கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதினார். அப்போது வயது 25. தனக்குள் பொங்கியதைப் பார்க்கத் தெரிந்த ஒரு கண்ணைத் தேடித்தான் அவர் அத்தனை கடிதம் எழுதினார்.

அந்தக் கண்ணுக்குத் தேவையும் இருந்தது. பகா எண்களைப் பற்றி அவர் பெருமையோடு அனுப்பிய ஒரு முடிவு தவறானது. அது தவறு என்று அவராகவே கண்டுபிடிக்க வழியில்லை. நிறுவுதல் என்றால் என்ன என்பதே அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. அதை அவருக்குக் கற்பிக்கவும் வேண்டும், கற்பிக்கும் வேகத்தில் அவருடைய ஊற்று வற்றிவிடவும் கூடாது என்ற இக்கட்டில் தான் இருந்ததை ஹார்டி பிற்காலத்தில் எழுதினார். ஓரளவு கற்பித்ததாகவும், தான் கற்றது அதைவிட அதிகம் என்றும் சொன்னார். உலகத்தின் தலைசிறந்த சுய கற்றலாளருக்கே ஆசிரியர் தேவைப்பட்டார் என்றால், கைநாட்டு வைத்துக்கொண்டிருக்கும் ஐம்பது வயதுக் கூலித் தொழிலாளியிடம் போய் “உங்களுக்கு ஆசிரியர் எதற்கு?” என்று எந்த முகத்தோடு கேட்கிறோம்?

“அது அந்தக் காலம். இப்போது இணையம் வந்துவிட்டது” என்பார்கள். இணையம் என்ன செய்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2012-இல், உலகின் சிறந்த பல்கலைக்கழகங்களின் பாடங்கள் எல்லோருக்கும் இலவசம் என்று பெருங்கொண்டாட்டம் தொடங்கியது. எம்ஐடியும் ஹார்வர்டும் நடத்திய இணையவழிப் பாடங்களின் ஆறு ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்த கட்டுரை, 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. 2017–18-இல் சேர்ந்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் நூற்றுக்கு 3.13 பேர். பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்துக்குள் நுழையவே இல்லை. சேர்கிற எல்லோரும் முடிக்கும் எண்ணத்தில் சேர்வதில்லை என்பது உண்மைதான். பணம் கட்டிச் சான்றிதழ் நோக்கிப் படித்தவர்களில் 46 சதவீதத்தினர் முடித்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தப் பாடங்களால் பயன்பெற்றவர்களில் பெரும்பாலோர் வசதியான நாடுகளில் வாழ்பவர்கள் என்றும் அதே கட்டுரை கண்டது. கதவைத் திறந்து வைத்ததும் உள்ளே வந்தவர்கள், ஏற்கெனவே வாசலில் நின்றுகொண்டிருந்தவர்கள். தெருக்கோடியில் இருந்தவருக்குக் கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை.

காரணம் எளியது. தன்னைத் தானே நடத்திச்செல்லும் திறன் மனிதருக்கு வயதோடு முளைப்பதில்லை. எங்கே தொடங்குவது, எதை விடுவது, எது சரியான விளக்கம், எப்போது தான் தவறுகிறோம் என்று உணர்வது எல்லாம் யாரோ ஒருவர் அருகில் இருந்து பழக்கிவிட்டதால் வருகிறது. நன்றாகப் படித்தவர்கள், தங்களைப் பழக்கிய கைகளை மறந்துவிட்டு, “நான் தானே கற்றேன்” என்கிறார்கள். பிறகு அந்த மறதியைக் கொள்கையாக்கி, பழக்கிவிட ஆளே கிடைக்காதவர்மீது சுமத்துகிறார்கள். அவர் தோற்றால் பழியும் அவருக்குத்தான்: “ஆர்வம் இல்லை.” மூன்று துணியை வீணாக்கி, வயதைப் பழித்துக்கொண்ட அந்தப் பெண்ணுக்கு ஆர்வமா குறைவு? அவர் கையிலிருந்த வீடியோ பேசியது, ஆனால் அவருடைய துணியைப் பார்க்கவில்லை.

ஆசிரியர் பின்வாங்க வேண்டும் என்பவர்கள் அடிக்கடி சான்று காட்டும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்துக்கே போவோம். அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஜான்ஸ் தீவு. கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிய வேண்டுமானால், அரசமைப்புச் சட்டத்தின் பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும் என்ற காலம். ஈசா ஜென்கின்ஸ் என்பவர் தான் ஓட்டிய பேருந்தில் வரும் பயணிகளுக்கு அந்தச் சட்டப் பகுதிகளைச் சொல்லிக்கொடுத்தார். ஹைலாண்டர் பள்ளியின் மைல்ஸ் ஹார்ட்டனும் செப்டிமா கிளார்க்கும் துணை நிற்க, 1957 ஜனவரியில் ஒரு மளிகைக் கடையின் பின்னறையில் இரவு வகுப்பு தொடங்கியது. ஆசிரியர் பெர்னிஸ் ராபின்சன், சிகை அலங்காரத் தொழில் செய்தவர். ஆசிரியப் பயிற்சி எதுவும் பெறாதவர். “நான் ஆசிரியர் இல்லை, சேர்ந்து கற்போம்” என்ற பொருளில்தான் வகுப்பைத் தொடங்கினார். இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை யாரும் சொல்வதில்லை. குழந்தைகளின் பாடநூலைக் கொண்டுபோயிருந்தார். அது பெரியவர்களுக்கு ஒவ்வாது என்று கண்டதும் ஒதுக்கி வைத்தார். என்ன கற்க வேண்டும் என்று கேட்டார். பெயர் எழுத, பணவிடை நிரப்ப, பைபிள் படிக்க, வாக்காளர் படிவம் நிரப்ப என்றார்கள். அந்தப் படிவங்களையே பாடமாக்கினார். அட்டையில் அவரவர் பெயரை எழுதிக் கொடுத்து, அதன்மேல் திரும்பத் திரும்ப எழுதிப் பழக வைத்தார். இவையெல்லாம் அவர்கள் கேட்டவை. அதோடு, அவர்கள் கேட்காத ஒன்றையும் சுவரில் மாட்டினார்: ஐ.நா.வின் உலக மனித உரிமைப் பிரகடனம். வகுப்பு முடிவதற்குள் இதை நீங்கள் படிக்க வேண்டும் என்றார்.

ஆசிரியரின் வேலை முழுவதும் அந்தச் சுவரில் இருக்கிறது. கற்பவர் கேட்பதைக் கொடுப்பது பாதி வேலை. அவர் கேட்க அறியாததை, அவருக்கு உரிமையானதை, அவர் முன்னால் கொண்டுவந்து வைப்பது மறுபாதி. பணவிடை நிரப்பக் கற்றால் போதும் என்று நினைத்து வந்தவருக்கு, உலகம் தனக்கு என்ன கடன்பட்டிருக்கிறது என்று தெரியவந்தது. வெறுமனே ‘வசதி செய்து கொடுப்பவர்’ அதைச் செய்ய மாட்டார். கேட்டதைக் கொடுத்துவிட்டு விலகி நிற்பார். மாணவர் தலையில் தகவலை இட்டு நிரப்பும் ‘வங்கி முறை’க் கல்வியை அத்தனை கடுமையாகச் சாடிய பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே, தன்னை ‘வசதி செய்து கொடுப்பவர்’ என்று அழைப்பதை ஏற்க மறுத்தவர். நான் ஆசிரியன், எப்போதும் ஆசிரியன் என்றே தன் கடைசிக் காலங்களிலும் சொல்லிவந்தார். ஆசிரியருக்கு அதிகாரம் இருக்கிறது. அதை இல்லாததுபோல் மறைப்பது நேர்மையல்ல, அதைக் கற்பவரின் விடுதலைக்குப் பயன்படுத்துவதே நேர்மை என்பது அவர் நிலைப்பாடு.

நம் மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. 1991-இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தோடு நிற்கவில்லை. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் பழகுவதையும் இயக்கத்தின் பகுதியாக்கினார். படிக்க வந்த பெண்கள் சைக்கிள் வேண்டும் என்று மனுக் கொடுக்கவில்லை. பெண்கள் சைக்கிள் ஓட்டுவது என்ற எண்ணமே பல ஊர்களில் இல்லாத காலம் அது. யாரோ அதை அவர்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதன் பிறகு அது அவர்களுடையதாயிற்று. பல்லாயிரம் பெண்கள் ஓட்டினார்கள். விவசாயக் கூலிகளும், கல்குவாரியில் உழைத்தவர்களும், செவிலியரும், ஆசிரியைகளும் ஓட்டினார்கள். பழகியவர் அடுத்தவருக்குப் பழக்கினார். இதைவிடப் பெரிய சுய கற்றல் எது? ஆனால் ஒவ்வொரு சைக்கிளுக்குப் பின்னாலும் கேரியரைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிய ஒருவர் இருந்தார். எப்போது கையை எடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பிடித்தவர்தான் விட முடியும். ஒருபோதும் பிடிக்காதவர்கள், “விட்டுவிடுங்கள், தானே ஓட்டுவார்” என்று உபதேசிப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆசிரியரே வேண்டாம் என்ற எண்ணம் வெறும் காற்றில் பிறக்கவில்லை. நான் அறிவொளித் தொண்டனாக இருந்த நாட்களில், பக்கத்து மையம் ஒன்றில் நடந்ததை இன்றும் மறக்கவில்லை. அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் ‘ண’வுக்கு ஒரு சுழி குறைத்து எழுதினார். சொல்லிக்கொடுத்த இளைஞர் அவரை எழுந்து நிற்கச் சொன்னார், பள்ளிப் பிள்ளையை நிறுத்துவதுபோல. பேரன் பேத்திகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அதன் பிறகு நாங்கள் எத்தனை முறை அழைத்தும் வரவில்லை. இப்படிப்பட்ட அவமானங்களை அனுபவித்தவர்கள்தான் ஆசிரியரற்ற கல்வியைக் கனவு காண்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் மோசமான மருத்துவரால் பாதிக்கப்பட்டவருக்கு நாம் நல்ல மருத்துவரைத்தான் தேடுகிறோம். உன் வைத்தியத்தை நீயே பார்த்துக்கொள் என்று சொல்வதில்லை. பெரியவருக்குக் கற்பிப்பது குழந்தைக்குக் கற்பிப்பதைவிடக் கடினம். அவர் மானத்தைக் காப்பாற்ற வேண்டும், அவர் அறிந்ததை மதிக்க வேண்டும், அவர் தவறை அவரே கண்டுகொள்ளும்படி கேட்க வேண்டும். கடினமான வேலை என்பதற்காக அந்த வேலையே தேவையில்லை என்று தீர்ப்பெழுதலாமா?

தேவையில்லை என்று சொல்வதில் சிலருக்கு ஆதாயம் இருக்கிறது. ஆசிரியர் வேண்டாம் என்றால் அவருக்குச் சம்பளமும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். ஒன்றிய அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 முதல் 2027 வரை ஐந்து கோடிப் பேருக்கு அடிப்படை எழுத்தறிவு தருவது இலக்கு. ஒதுக்கீடு 1,037.90 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள்: ஓர் ஆளுக்கு 208 ரூபாய்கூட இல்லை. கற்பிப்பவர்கள் ஊதியமில்லாத தன்னார்வலர்கள். தன்னார்வலர்களை நான் குறைத்துப் பேசவில்லை. நானும் அப்படி ஒருவனாகத்தான் இந்த வேலைக்கு வந்தேன். ஆனால் அன்று எங்களுக்குப் பயிற்சி முகாம்கள் இருந்தன, எங்களைத் தேடி வந்து வகுப்பைப் பார்த்துத் திருத்திய மூத்தவர்கள் இருந்தார்கள், முழு மாவட்ட நிர்வாகமும் பின்னால் நின்றது. அவற்றையெல்லாம் எடுத்துவிட்டு, செயலியையும் தன்னார்வத்தையும் மட்டும் மிச்சம் வைத்து, அதற்குச் சுயகற்றல் என்று பெயரிட்டால், அது கற்பவரின் சுதந்திரம் ஆகாது. பொறுப்பிலிருந்து அரசு எடுத்துக்கொண்ட சுதந்திரம் ஆகும்.

கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். அறிந்தவர் சொல்லக் கேட்பது, அங்கே கேள்வி. இன்று நம் நாவில் அந்தச் சொல் வினாவையும் குறிக்கிறது. பெரியோர் கல்விக்கு இரண்டு பொருளும் வேண்டும்: கற்பவருக்குச் சொல்ல ஒருவர், கற்பவரை வினவ ஒருவர். பெரும்பாலும் இருவரும் ஒருவரே. பயிற்சி பெற்ற, ஊதியம் பெறும், பெரியவரைப் பெரியவராக மதிக்கும் அந்த ஒருவரை ஒவ்வோர் ஊராட்சியிலும் அமர்த்துங்கள். அதன் பிறகு கைபேசி, வீடியோ, செயலி எல்லாம் தங்கள் வேலையைச் செய்யட்டும். நல்ல ஆசிரியர் கையில் அவை நல்ல கருவிகளே.

எங்கள் தெருப் பெண் இப்போது அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறார். கைத்துணியை மடித்து வெட்டியதும், மறக்காமல் முன்பக்கத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு வைக்கிறார். அவரிடம் பழக வரும் பெண்ணிடம் முதலில் அதைத்தான் கேட்கிறார். இப்போதும் வீடியோ பார்க்கிறார், முன்பைவிட அதிகமாகவே. பாதியில் நிறுத்தி, “இவங்க சொல்றது சரியா வராது” என்று சொல்லும் அளவுக்கு வளர்ந்திருக்கிறார். போன வாரம் பிரின்சஸ் கட் ஒன்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டேன். “மார்புக்கிட்ட சுருக்கம் விழுது. ரெண்டு காரணமா இருக்கலாம்னு தோணுது. எதுன்னு அவர்கிட்ட கேட்டுட்டு வந்துடறேன்” என்றார். அன்று “எனக்கு வராது” என்று சொன்ன அதே பெண்.